ஒரு சாண் திரையில் நீர்க்கோழி

தேய்த்தால் போகாதது என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. உத்திரமேரூர் ஏரிக்குப் போகிற தெருவில் பட்டுத்தறி போட்டிருக்கும் துரைராஜ் கண்டுபிடித்துச் சொன்ன உண்மை இது. சந்தேகம் உள்ளவர்கள் அவர் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதில் முகம் பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறார். சைக்கிளைப் பார்க்கலாம். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் அதன் மட்கார்டு வெற்றிலை அளவுக்கு மெலிந்து, போன ஆடிக் காற்றில் தானாக மடங்கிக்கொண்டது. மடங்கும்போதும் மின்னிக்கொண்டேதான் மடங்கியது என்று எதிர்வீட்டு முத்துவேல் சாட்சி சொல்வார்.

தேங்காய் நார், பழம்புளி, வெந்நீர் அடுப்புச் சாம்பல். இவைதான் துரைராஜின் கருவிகள். துரு, கறை, களிம்பு, பாசி எல்லாம் சோம்பேறிகள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் என்பது அவர் கட்சி.

அந்த வீட்டின் முன்னறையில் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் மருமகள் அனுப்ரியாவின் கம்ப்யூட்டர் இருந்தது. மகன் கோகுல்ராஜ் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன் நண்பனுடைய ஆபீஸ் ஒன்று மூடப்பட்டபோது வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் அது. அனுப்ரியா தாமல் ஊர்ப் பெண். புடவைக் கரையில் வருகிற பூவையும் கொடியையும் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைவது அவள் தொழில்.

ஒரு கட்டம் என்பது, ஓர் இழை ஏறுமா இறங்குமா என்ற கேள்விக்கான பதில். புள்ளி வைத்தால் ஏறும், வைக்காவிட்டால் இறங்கும். அதைப் பார்த்துக் காஞ்சிபுரத்தில் அட்டையில் ஓட்டை அடித்துத் தருவார்கள். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றினால் பூ தானாக விழும். ஒரு கட்டத்தில் புள்ளி தவறினால் அட்டையில் ஓட்டை தவறும். ஓட்டை தவறினால் கரை நெடுக, பூவுக்குப் பூ, அதே தப்பு வந்துகொண்டே இருக்கும். மனிதர்கள் செய்கிற தப்புகளில் இவ்வளவு ஒழுங்கானது வேறு எதுவும் இல்லை.

ஒரே அறையில் மாமனார் நெய்வார், மருமகள் வரைவாள். மாமனாருக்கு அது சமமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

“வேலைன்னா கை ஆடணும், காலு ஆடணும், முதுகு நோவணும்” என்பார், பேச்சுத் துணைக்கு வந்து வாசப்படியில் உட்கார்ந்திருக்கும் முத்துவேலிடம். “ஒத்த வெரல ஆட்டிக்கினு குந்திகினு கீறது வேலையாபா?”

“எனக்கும் முதுகு நோவுது மாமா” என்பாள் அனுப்ரியா, திரும்பாமலே.

“அது நாற்காலில சாஞ்சிக்கினு கீறதால.”

“சாயறதுக்கு இதுல பின்பக்கம் எங்க கீது? அதான் போன மாசமே ஒடைஞ்சி பூட்ச்சே.”

முத்துவேல் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். அவர் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைப்பவர். மற்றவர் வேலையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே உண்டு.

அதுவரை அனுப்ரியா வரைந்ததெல்லாம் பழைய புடவைகளைப் பார்த்துப் போட்டதுதான். மயில், அன்னம், மாங்காய், மறுபடி அன்னம். புரட்டாசியில் காஞ்சிபுரத்து முதலாளி தமிழ்வாணனிடம், சொந்தமாக ஒன்று போட்டுத் தரட்டுமா என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் தறியில் இருந்த மாமனாரிடம் சொன்னாள்.

“மாமா, அன்னத்த நேர்ல பாத்துகீறீங்களா?”

“நேர்ல எவன் பாத்தான். பொடவைல பாத்துகீறேன்.”

“நம்ம ஏரில இன்னா கீது?”

“நீர்க்கோயி கீது. அதுக்கு இன்னா இப்போ?”

“அதத்தான் கரைல போடப் போறேன். செவப்பு மூக்கு வச்சி, தண்ணில நீந்திக்கினு போறாப்பல.”

துரைராஜின் கால் மிதிகட்டையிலேயே நின்றுவிட்டது.

“கல்யாணப் பொடவைலயா? பொண்ணு மணைல குந்தும்போது மடில கோயி குந்திகினு இருக்குமா?”

“அன்னம் மட்டும் குந்தலாமா?”

“அன்னம் மரியாதையான பறவைம்மா. எதுத்து ஒரு வார்த்த பேசாது.”

தமிழ்வாணனுக்கு மட்டும் கோழியில் ஏதோ ஒன்று பிடித்திருந்தது. துரைராஜ் தறியில் புதுப் பாவு நூல் ஏறியிருந்தது, தை மாதக் கல்யாணப் புடவைக்கான பாவு. “விஜயதசமி வாரத்து வெள்ளிக்கெழம மதியத்துக்குள்ள டிசைன் என் கைக்கு வரணும்மா” என்று போனில் சொன்னார் அவர். “வந்தா உன் கோழி ஏறும். வரலைன்னா பழைய அன்ன அட்டைய ஏத்திடுவேன். அப்புறம் இந்த வருசத்துக்குப் புது டிசைன் பேச்ச எடுக்காத. கல்யாண வூட்டுக்காரங்க நமக்காகக் காத்துக்கினு இருக்க மாட்டாங்க.”

மாமனார் தறியிலேயே மருமகளின் கோழி ஏறுவதா, அன்னம் ஏறுவதா என்பது அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. ஆயுத பூஜைக்கு முன்னால் அவள் தலையும் கழுத்தும் முடித்திருந்தாள். வயிறும் வாலும் தண்ணீரும் பாக்கி.

ஆயுத பூஜை அன்று வழக்கம்போல எல்லாக் கருவிகளையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். தறி, இழை ஓட்டும் நாடா, கத்தரிக்கோல், முறம், அரிவாள்மணை, சைக்கிள். பொரி கடலையை வாரி வைத்துவிட்டுத் துரைராஜ் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று சிறிது நேரம் யோசித்தார். அது கருவி இல்லை என்பதே அவர் நிலை. ஆனால் சரஸ்வதியின் நிலை தெரியாது.

“நமக்கு எதுக்கு வம்பு” என்று சொல்லிவிட்டு, திரையின் நடுவில் கொழுகொழுவென்று மூன்று சந்தனப் பொட்டுகளை அப்பினார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. விஜயதசமி காலையில் அனுப்ரியாவும் மாமியார் சாரதாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சந்தனம் சிமெண்ட்டுப் பூச்சாக இறுகியிருந்தது. குத்துவிளக்கில் காய்ந்த சந்தனத்துக்கு எது மருந்தோ, அதுவே இதற்கும் மருந்து என்று துரைராஜ் நினைத்தார். அதில் தவறு சொல்ல முடியாது. அந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாரை நனைத்தார், சாம்பலும் புளியும் சேர்த்தார், தேய்த்தார். பொட்டு போன பிறகும், சுற்றியிருந்த இடம் மங்கலாகத் தெரிந்ததால் அதையும் தேய்த்தார். கீழே வரைக்கும் தேய்த்தார். அணைந்திருந்த கறுப்புத் திரையில் கழுவிய ஈரம் பளபளத்தது.

“கண்ணாடி மாரி கீது பாரு” என்றார், வந்தவர்களிடம்.

அனுப்ரியா துடைத்துக் காயவைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். வெள்ளைக் கட்டங்கள் வந்தன. அவற்றின் மேல், சேறான வண்டிப்பாதையில் ஊர் மாட்டுவண்டி அத்தனையும் போய்வந்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் கீறல்கள். எது புள்ளி, எது கீறல், எது கட்டத்தின் கோடு என்று தெரியவில்லை. நீர்க்கோழி முள்வேலிக்குள் மாட்டியிருந்தது.

அவள் ஒரு கீறலை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

“இது கண்ணாடி இல்ல மாமா. மெல்லிசு பிளாஸ்டிக்.”

“முன்னாலயே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க தேய்ப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்.”

“இத்தினி நாளு இந்த வூட்ல இருந்துமா அது தெரியல?” என்றாள் சாரதா.

கோகுல்ராஜுக்குப் போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு முடிந்து வரும்போது பழைய மானிட்டர் ஒன்று எடுத்து வருவதாகச் சொன்னான். “நைனாகிட்ட சொல்லு, அதுவரைக்கும் எதையும் தொட வாணாம்னு” என்றும் சொன்னான். ஆனால் ஞாயிறு வெள்ளிக்குப் பிறகுதான் வருகிறது. வீட்டிலிருந்த டிவி, அரசாங்கம் எந்தக் காலத்திலோ கொடுத்த குண்டு டிவி. அதன் முதுகில் இந்த ஒயருக்கு ஏற்ற துளை இல்லை. கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் மானிட்டரை இரவல் கேட்டதற்கு, கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கேட்ட மாதிரி பார்த்தார்.

“பேஜார் வாணாம்” என்றார் துரைராஜ். “தேச்சதுல வந்த கீறலு தேச்சாதான் போவும். நான் இருக்கேன்.”

பக்கத்து வீட்டு மோகனா ஜாக்கெட் தைத்துக்கொண்டே செல்போனில் வீடியோ பார்ப்பவள். அவள் கொண்டுவந்த வீடியோவில் ஒருவர் திரைக் கீறல் மேல் பற்பசையைத் தடவித் துடைத்தார், கீறல் போனது. துரைராஜ் வீட்டில் பற்பசை கிடையாது. சிவப்புப் பல்பொடி உண்டு. பொடியில் தண்ணீர் விட்டால் பசை என்பது அவர் தீர்ப்பு.

“பெரிப்பா, அதுல வெள்ளையா கீது” என்றாள் மோகனா.

“கலரா முக்கியம்? பல்லு வெளுக்குதா இல்லியா?”

கீறல்கள் போகவில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு இறங்கி, அதுவரை தெரியாமல் இருந்த சின்னக் கீறல்களும் தங்களைக் காட்டிக்கொண்டன. வேப்பங்குச்சியால் அதை எடுக்கலாம் என்று துரைராஜ் சொன்னபோது, அனுப்ரியா முதன்முறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் முத்துவேல் ஒரு யோசனையோடு வந்தார். “கால் வெடிப்புக்கு இன்னா பண்றோம்? எண்ணெ போடறோம். அதேதான்பா இதுவும். பள்ளத்துல எண்ணெ எறங்கிட்டா மேடும் பள்ளமும் ஒண்ணாயிடும்.”

இந்த யோசனையில் விசேஷம் என்னவென்றால், பலித்தது. துரைராஜ் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கட்டங்கள் தெளிந்தன. நீர்க்கோழி வேலியைவிட்டு வெளியே வந்தது. “பாத்தியா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துரைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அனுப்ரியாகூடச் சிரித்துவிட்டு மவுஸைப் பிடித்தாள்.

ஐப்பசி தொடக்கம். பகல் முழுக்கத் தூறிவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது. ஏரிப்பக்கம் வயல்களில் நாற்று நின்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் வயலில் இருந்த பச்சைப்பூச்சிகள் எல்லாம் ஊருக்குள் வந்தன. தெருவிலேயே வெள்ளையாக வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது அந்தத் திரைதான். வந்து உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை. எண்ணெய் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றும் கச்சிதமாக ஒரு கட்டம் அளவில் இருந்தது. கோழியின் வயிற்றில் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. ஒன்று கண் இருக்க வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோழிக்கு இரண்டாவது கண் கொடுத்தது.

அனுப்ரியா ஸ்விட்சை அணைத்தாள்.

சாரதா அடுப்படியிலிருந்து வந்தாள். “ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. உங்களுக்கு அந்தக் கோயி புடிக்கல.”

“புடிக்கலதான். சொன்னேனே.”

“அதனாலதான் தேச்சீங்களா?”

துரைராஜ் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முத்துவேல், மாட்டைக் கட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அவர் வீட்டில் மாடு கிடையாது.

“இல்ல அத்தை” என்றாள் அனுப்ரியா. “புடிக்கலைன்னா மாமா வாயால சொல்லுவாரு. கையால பண்ண மாட்டாரு.”

அன்று இரவு துரைராஜ் கருவாட்டுக் குழம்பைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் அனுப்ரியா கோகுல்ராஜின் பழைய பருத்திப் பனியன் ஒன்றைத் தேடி எடுத்தாள். வெந்நீரை ஆறவைத்து, துணியை நனைத்து, சொட்டுகூட இல்லாமல் பிழிந்தாள். மானிட்டரின் மின்வயரைப் பிடுங்கினாள். துணியை அழுத்தவே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி வைத்து வைத்து எடுத்தாள். ஓர் இடம் துடைத்ததும் துணியை மடித்து வேறு பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணெய் போனது. பூச்சி போனது. பல்பொடி பாதி போனது. கீறல்கள் அப்படியே இருந்தன. அவற்றை அவள் ஒன்றும் செய்யவில்லை. பாட்டில் பாட்டிலாக விற்கிற எந்த மருந்துக்கும் அவை போகாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. துரைராஜ் ஓடாத தறியின் குழியில் காலைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை வராமல் அவருக்கும் வேலை இல்லை.

ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவள் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். சந்தனம் வைத்தது நடுவில். தேய்த்தது நடுவும் கீழும். உச்சியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு, தாமரை இலை மாதிரி ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அந்த ஒரு சாணுக்குள் அவள் கட்டங்களைக் கொண்டுபோனாள். நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, கண் அந்த உயரத்துக்கு வரும்படி ஏறி உட்கார்ந்தாள். மேலே ஒரு வரிசை முடிந்ததும் அம்புக்குறி பட்டனைத் தட்டுவாள். முடிந்தது மேலே போய் மறையும். அடுத்தது கீறலுக்குள்ளிருந்து எழுந்து சுத்தமான இடத்துக்கு வரும்.

“மொத்தக் கோயியும் தெரியாம எப்பிடிம்மா கோயி போடுவ?” என்றார் துரைராஜ்.

“நீங்க மட்டும் மொத்தப் பொடவையையும் பாத்துக்கினா நெய்யறீங்க? கண்ணு முன்னால ஒரு சாண் தானே கீது. நெய்ய நெய்யப் படமரத்துல சுத்திக்கிறீங்க. நானும் சுத்திக்கிறேன்.”

துரைராஜ் நெய்த துணியைச் சுருட்டும் படமரத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

பேச்சுக்கு அது எளிது. செய்ய அப்படி இல்லை. சுற்றிப் போன வரிசையில் வயிறு எங்கே வளைந்தது என்பதை அவள் தலைக்குள் வைத்துக்கொண்டே அடுத்த வரிசையைப் போட வேண்டியிருந்தது. கரையில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கோழிகள் என்பதால், இடப்பக்கத்துக் கோழியில் வைத்த புள்ளிக்கு வலப்பக்கத்துக் கோழியில் ஜோடி வைக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. சாரதா டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். மோகனா மெஷினை உள் அறைக்குத் தள்ளிக்கொண்டாள். மீன்காரர் ஹாரன் அடித்தபோது துரைராஜ் தெருமுனை வரை ஓடிப்போய் அவரை அங்கேயே நிறுத்தினார்.

மழை வலுத்தது. ஜன்னல் வெளிச்சம் போய்விட்டது. பூச்சிகள் மறுபடி வந்தன, வந்து உட்கார்ந்து பறந்தன. பல்பொடியின் சிவப்புத் தூள் ஒன்றிரண்டு மேலேயும் ஒட்டியிருந்தது. எது புள்ளி, எது தூசி என்று சந்தேகம் வந்த இடத்தில் அனுப்ரியா திரையைத் தொடவில்லை. பட்டனை ஒரு தட்டு தட்டினாள்.

“இன்னாத்துக்கு முன்னால பின்னால ஆட்டற?” என்று கேட்டார் துரைராஜ்.

“நவுந்தா அது என் புள்ளி. நவுரலைன்னா திரை மேல கீற குப்பை. குப்பைய உட்டுட வேண்டியதுதான்.”

“தொடச்சிட்டா?”

“தொடச்சி இன்னொரு கீறலு வந்தா, இந்த ஒரு சாணும் போச்சி மாமா.”

அவர் துண்டின் முனையைக் கையில் வைத்திருந்தார். அதைத் தறிக்கட்டையில் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வால் முடிந்தது. கீழே தண்ணீர் மூன்று அலையாக வந்தது. அனுப்ரியா நாற்காலியைவிட்டு இறங்கியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன. அது அழுகை இல்லை, வேலை. ஆனால் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை சரிபார்க்காமல் எந்த டிசைனையும் அட்டை அடிக்கக் கொடுக்க மாட்டார்கள். அவள் தலையும் கழுத்தும் சரிபார்த்தாள். வயிற்றில் வந்தபோது கட்டங்கள் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தன. வீட்டில் நெட் கிடையாது. காலையில் எழுந்து மீதியைப் பார்த்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அனுப்ரியா அவசரமாகக் குளிக்கப் போனாள். சாரதா இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

துரைராஜ் நாற்காலியில், தலையணைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். குழிக்குள் கால் வைத்தே பழகியவர். இங்கே கால் தரையில் எட்டாமல் தொங்கியது. பார்வை அந்த ஒரு சாணில் இருந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. மருமகள் விட்ட இடத்திலிருந்து, இடது கோழியில் எண்ணியதை வலது கோழியில் எண்ணினார். ஒற்றை விரல் அம்புக்குறி பட்டன் மேல் இருந்தது.

“துரை, டீக்குப் போலாமா?” என்று முத்துவேல் வாசலில் வந்து நின்றார்.

“வேலையா கீறேன்.”

“இன்னா வேல?”

முத்துவேல் எட்டிப் பார்த்தார். சாரதாவைப் பார்த்தார். சாரதா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

வயிறு முடிந்தது, ஒரு தப்பும் இல்லை. வால் ஆரம்பிக்கிற இடத்தில், இருக்கக் கூடாத கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது. துரைராஜ் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். துண்டின் முனையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். திரைக்கு ஒரு நூல் இடைவெளியில் விரல் நின்றது.

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பட்டனைத் தட்டினார். நீர்க்கோழி மேலே நகர்ந்தது. புள்ளி நகரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

“வாலத் தூக்கிக்கினு போவுது பாரு” என்றார், யாரிடமும் இல்லாமல். “ஏரில போறாப்பலயே கீது.”

அனுப்ரியா ஈரத்தலையில் துண்டு சுற்றியபடி வந்து மாமியார் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

“பஸ்ஸு போவுதும்மா” என்றாள் சாரதா, மெதுவாக.

“போவட்டும் அத்தை. அடுத்த பஸ்ஸு புடிச்சாலும் மதியத்துக்குள்ள போயிடலாம். மாமா இன்னும் தண்ணிக்கே வரல.”

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். முன்னறையில் தறி ஓடவில்லை. விட்டு விட்டு ஒற்றை விரலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.